தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

வறண்ட முகத்தை வெந்நீரில் கழுவக் கூடாது. பலருக்கு இது தெரியாது. கழுவியபின் துண்டால் தேய்க்கக் கூடாது. ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுதும் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், வாசனை இல்லாத சாதாக் களிம்பைப் பூசிவிட வேண்டும். இவ்வளவுதான். இதற்கு மேல் சொல்கிறவர்கள் எதையோ விற்கப் பார்க்கிறார்கள்.

புக்கிட் ரோத்தானில் ஒரு கிளினிக்கில் பதினாறு வருடம் மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்தேன். டாக்டர் எழுதுவார். நான் எடுத்து, பெயர் எழுதி, எத்தனை வேளை என்று சொல்லிக் கொடுப்பேன். களிம்புகள் பெரிய டப்பாவில் வரும். அவற்றைச் சின்ன டப்பாக்களில் அள்ளி மூடுவதும் என் வேலைதான்.

நேற்று போலீஸ் நிலையத்தில் மலாயில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். என்ன செய்தேன் என்பதற்கு அதில் ஒரு பக்கம் இருந்தது. ஏன் செய்தேன் என்பதற்கு இரண்டு வரி. அது போதாது. அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

என் மனைவி உஷாராணி உலு யாம் என்ற மலையடி ஊரில் பிறந்தவள். நலங்கின்போது பூசிய மஞ்சள் அவள் முகத்தை எரித்துவிட்டது. கல்யாணப் படங்களில் இரண்டு கன்னமும் தோலுரிந்து சிவந்திருக்கும். எங்கள் பக்கத்து உறவினர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. அவள் அதைக் கவனித்திருந்தாள்.

கல்யாணமாகிக் கோல சிலாங்கூரில் என் வீட்டுக்கு வந்தபோது ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தாள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய சோப்பு, கற்றாழைக் கூழ், கொரியப் பாட்டில்கள், அவள் அக்கா மாலா கொடுத்த பப்பாளிக் களிம்பு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பூசுவாள். முகம் வீங்கும். எதனால் என்று தெரியாது. நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றிவிட்டு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சோப்பை மாற்றினோம். பிறகு தலையணை உறை. பிறகு துணி துவைக்கும் தூள். ஐந்தாம் மாதம் முகம் அடங்கியது. அது முழுக்க நேர்மையான வேலை. களிம்பில் அப்போது எதுவும் கலக்கவில்லை. போலீஸ் தாளில் இது இல்லை.

குளித்துவிட்டு வந்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். நான்தான் பூசுவேன். நெற்றி, கன்னம், மூக்கோரம், இமை. இரண்டு வருடம் அப்படி நடந்தது.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையில் ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னுமா உன் வீட்டுக்காரரு பூசி விடுறாரு?”

“ஆமாக்கா. என் மூஞ்சிக்கு அவருதான் மண்டோரு. தெனம் காலையில பெரட்டு எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போவாரு.”

“அப்ப உனக்குச் சம்பளம் கேளு லா.”

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். மண்டோர் என்றால் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவன். பெரட்டு என்பது விடியற்காலையில் அவன் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பது. என் அப்பா ஒரு மண்டோரிடம் கன்னத்தில் அடி வாங்கியவர். அது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. “இனிமே நானே பூசிக்கிறேங்க,” என்றாள். அந்த வாரமே சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள்.

“அக்கா வீட்டுப் பக்கத்துல பாலர் பள்ளிக்கு ஆள் எடுக்குறாங்க. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் அங்க இருந்துட்டு, சனி ஞாயிறு வந்துடுவேன். சரின்னு சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா?”

“ஆமாங்க. மூணு மாசத்துல ஆரம்பம்.”

நல்லது என்றேன். எனக்குக் கோபம் வருவதில்லை. நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அண்டை வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

கிளினிக்கில் இன்னொரு களிம்பு உண்டு. ஸ்டீராய்டு கலந்தது. அதுவும் வெள்ளை, அதற்கும் வாசனை இல்லை. சாதாக் களிம்போடு சேர்த்தால் கண்டுபிடிக்க முடியாது. கூடவே வரும் தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: முகத்தில் நீண்ட நாள் பூசக் கூடாது, இமையில் பட்டால் கண்ணுக்குக் கேடு, பழகியபின் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகும். நான் அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன். எந்த மருந்தையும் நான் படிக்காமல் கொடுப்பதில்லை.

மூன்று மாதமும் அவளுடைய டப்பாவில் அதைச் சேர்த்து வைத்தேன். முகம் அதுவரை இல்லாத அளவுக்குத் தெளிந்தது. அவளே கண்ணாடி முன் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உலு யாமுக்குக் கிளம்பிய அன்று புது டப்பா ஒன்று கொடுத்தேன். அதில் சாதாக் களிம்பு மட்டும் இருந்தது.

ஆறாம் நாள் மாலா அவளைக் காரில் கொண்டுவந்து விட்டாள். முகம் வீங்கி, நீர் வடிந்து, கண் திறக்கவில்லை.

“தண்ணி ஒத்துக்கல மாப்ள,” என்றாள் மாலா.

“அவ பொறந்து வளந்த தண்ணிதானேக்கா.”

“அது அப்ப. கல்யாணமாகி ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒடம்பு இந்த ஊருத் தண்ணிக்கு மாறிப்போச்சு. பொம்பள ஒடம்பு அப்படித்தான் லா.”

நான் தண்ணீர் என்று சொல்லவே இல்லை. அவர்கள்தான் சொன்னார்கள்.

வீட்டில் நான் கலந்து வைத்திருந்த களிம்பில் மூன்றே நாளில் அடங்கிவிட்டது. “உங்க கை பட்டாத்தாங்க சரியாவுது,” என்று அழுதாள். அது என் காதில் இன்னும் இருக்கிறது.

ஆனால் அவள் விடவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோவதாகச் சொன்னாள். பன்னிரண்டு பெரிய பாட்டில்கள். நான்தான் நிரப்பினேன். நான்தான் காரில் ஏற்றி உலு யாம் வரை ஓட்டிப்போய் மாலா வீட்டுக் குளியலறையில் வரிசையாக வைத்துவிட்டு வந்தேன். உலு யாம் தண்ணீர் மலைத் தண்ணீர். பக்கத்து ஊர்க்காரர்கள் பாட்டிலோடு வந்து பிடித்துப்போவார்கள். அந்த ஊருக்கு நான் எங்கள் கடற்கரை ஊர்த் தண்ணீரைச் சுமந்துபோனேன்.

கொடுத்தனுப்பிய டப்பாவில் இந்த முறையும் சாதாக் களிம்புதான். பதினோரு நாள் தாங்கினாள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

“வகுப்புல ஒரு பிள்ள என்னப் பாத்துப் பயந்து அழுதுடுச்சுங்க.”

வேலையை விட்டுவிட்டாள். மறுநாள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பூசினேன்.

அதன்பின் நான்கு வருடம். அவை நல்ல வருடங்கள். விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னாள். கூடத்து விளக்கை மாற்றி மஞ்சள் விளக்குப் போட்டேன். நெற்றி வலிக்கிறது என்றாள். போனை அதிகம் பார்க்காதே என்றேன். இடது பக்கம் வைத்த டம்ளரை அடிக்கடி தட்டிவிட்டாள். அதற்குப் பிறகு டம்ளரை வலது பக்கம் வைத்தேன்.

போன மார்ச்சில் மாலாவின் மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் தங்க வேண்டும். வழக்கம்போலச் சாதாக் களிம்பு டப்பா ஒன்றைப் பையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. குளியலறையில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். சோப்பை மாற்றியாயிற்று, உறையை மாற்றியாயிற்று, தண்ணீரையும் மாற்றிப் பார்த்தாயிற்று, மாற்றாதது டப்பா ஒன்றுதான் என்று பிறகு டாக்டரிடம் சொன்னாளாம். பத்து நாளும் மலைத் தண்ணீரில் குளித்திருக்கிறாள். முகத்தில் ஒரு தடிப்பும் வரவில்லை.

திரும்பி வந்து ஒன்றும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை என் கையில் கொடுத்தாள். நான் வேலைக்குப் போனதும் கழுவிவிட்டிருக்கிறாள். முகம் சிவக்க ஆரம்பித்தது. நான் மருந்தைக் கூட்டினேன்.

“இன்னிக்கு எப்படிங்க இருக்கு?” என்று கேட்பாள்.

“கொஞ்சம் செவப்பு. சரியாயிடும்,” என்பேன்.

“உங்களுக்குத் தெரியாதா?” என்பாள்.

நான் அதை நம்பிக்கை என்று நினைத்தேன். ஒருவர் இவ்வளவு நாள் முகத்தில் எதையும் காட்டாமல் பக்கத்திலேயே இருந்து ஏமாற்ற முடியும் என்று எனக்குத் தெரியாது. அவளிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அவள் கொடுத்த இரண்டு டப்பாக்களையும் ஆஸ்பத்திரியில் சோதித்திருக்கிறார்கள். கண் டாக்டர் கண்ணின் அழுத்தம் பார்த்தார். இடது கண் முடிந்துவிட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. போனது திரும்பாது. மாலா கிளினிக்குக்கு வந்து, நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, “நல்லாருப்பியாடா நீ?” என்று கேட்டாள். பின்னாலேயே போலீஸ் வந்தது.

ஒப்புக்கொள்கிறேன். மருந்தை நான்தான் எடுத்தேன், நான்தான் கலந்தேன். கண் கெடும் என்று தாளில் இருந்தது, அதைப் படித்தபிறகும் இமையில் பூசினேன். டம்ளரை நகர்த்தியபோது ஏன் நகர்த்துகிறேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அவள் மாலா வீட்டில் இருக்கிறாள். முகம் மறுபடி வெடித்திருக்கும். மருந்தை நிறுத்தினால் சில மாதம் அப்படித்தான் இருக்கும். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே தோல் உரிகிறது என்று இனி அவளால் கண்ணாடியில் பார்க்க முடியாது. யாராவது தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மாலாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் வெளியே வந்ததும் என்னைத்தான் தேடுவாள்.