ஃப்ரிட்ஜில் முளைத்த ஆப்பிள்

சிங்காநல்லூர் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த பெண், அருகில் உட்கார்ந்திருந்த, பக்கத்து வீட்டுக்காரர் போலத் தெரிந்த ஒரு அம்மாவிடம் சொன்னார்: "ஃப்ரிட்ஜுல ஆப்பிள் வெதை மொளைச்சிருச்சுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"மொளைச்சா நல்லதுதானுங்களே?"

"எங்கூட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வந்த பழத்துல எடுத்து, அவரே ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜுல வெச்சாருங்க. இனி தொட்டியில நடோணும். இந்த வெயிலுக்குக் கருகிப்போச்சுன்னா?"

"கருகினா வேற வெதை போடலாமுங்க. அதுக்கு ஏனுங்க இத்தனை பயம்?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காய்க்க ஏழெட்டு வருசமாகுமாமுங்க. மொதப் பழத்த நானே பறிச்சுத் தாரேங்கறாரு. டாக்டரு தீபாவளி வரைக்கும்தான்னு எங்கிட்டச் சொல்லியிருக்காருங்க. எங்கூட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது."

அந்த அம்மா அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கூட்டுல பெரிய தொட்டி ஒண்ணு சும்மா கெடக்குது, அம்மணி. சாயங்காலம் கொண்டுட்டு வாரேன்."