மேல் வூடு எப்போ காலி?

முனிலட்சுமி: இப்படி வா மேரி, துவைக்கிற கல்லுப் பக்கம். அங்க நின்னா கேமராவுல தெரியும்.

அன்னமேரி: தெரிஞ்சா என்னக்கா? நாம என்ன திருடவா போறோம்?

முனிலட்சுமி: ஹரீஷ் பாத்தான்னா உடனே போன் அடிப்பான். மேல் வூட்டுல குடியிருக்கிறவங்ககிட்ட வூட்டுக்காரிக்கு அரை மணி நேரம் என்ன பேச்சும்பான். பெங்களூர்ல ஏசியில உக்காந்துக்கினு நம்ம வாசலைப் பாக்கறதுதான் அவனுக்கு வேலை.

அன்னமேரி: பெத்த புள்ளை. அப்பா அம்மா எப்படி இருக்காங்கன்னு பாக்கறான்.

முனிலட்சுமி: வண்டியெடுத்தா ஒன்றரை மணி நேரம். தீபாவளிக்கு வந்தவன். கேட்டா, 'தினம் உன்னைப் பாத்துக்கினுதானே இருக்கறேன்'ங்கறான். அவன் என்னைப் பாக்கறான், சரி. நான் அவனைப் பாக்க வேணாமா? அந்தக் கேமராவுல எனக்குத் தெரியறது ஒரு செவப்பு லைட்டு.

அன்னமேரி: சிரிக்க வைக்காதீங்க. கை நிறைய ஈரத்துணி.

முனிலட்சுமி: வாளியைக் கீழ வை. இன்னைக்குத் தேதி என்ன?

அன்னமேரி: ...ஒன்னு.

முனிலட்சுமி: அப்ப கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். மேல் வூட்டை எப்போ காலி பண்றீங்க?

அன்னமேரி: இன்னும் கேக்கலையேன்னு பாத்தேன். அடுத்த மாசம்க்கா. கண்டிப்பா.

முனிலட்சுமி: போன மாசமும் கண்டிப்பாதான். சொந்த வூடு கட்ட ஆரம்பிச்சு ரெண்டு வருஷம் ஆவுது. இன்னும் என்னா பாக்கி அதுல?

அன்னமேரி: டைல்ஸு... ஹால்ல பாதிதான் ஒட்டியிருக்கு. ஒட்டறவரு பீகாருக்குப் போனவர் திரும்பல. தங்கச்சிக்குக் கல்யாணமாம்.

முனிலட்சுமி: அவருக்கே கல்யாணம்னு சொன்னியே, மார்ச்சுல.

அன்னமேரி: ...ரெண்டும்தான்.

முனிலட்சுமி: கரண்டு?

அன்னமேரி: மீட்டர் வரல. இன்னைக்கு நாளைக்குன்னு ஓடுது.

முனிலட்சுமி: சாமியாரு?

அன்னமேரி: பழைய ஃபாதர் மாறிட்டாரு. புதுசா வந்தவருக்கு ஊரு பழகணும். அவர் வந்து மந்திரிக்காம எப்படிக்கா புது வீட்டுக்குக் குடி போறது?

முனிலட்சுமி: ம்... அதுவும் நியாயம்தான்.

அன்னமேரி: என்னக்கா இப்படிப் பாக்கறீங்க?

முனிலட்சுமி: ஒன்னுமில்ல. எங்க வூட்டுக்காரரு வெள்ளிக்கிழமை ஆனா சந்தைக்குப் போறாரு இல்ல...

அன்னமேரி: குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தைக்கா? நிலம் கம்பெனிக்குப் போயி, மாட்டை வித்து பத்து வருஷம் ஆச்சு. அங்க போயி என்னதான் பண்றாரு?

முனிலட்சுமி: நாலு மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாரு, விலை கேப்பாரு, வெள்ளரிக்கா வாங்கிக்கினு வருவாரு. அது அவருக்கு ஆபீசு மாதிரி. அதை விடு. பஸ்ஸு பேரண்டபள்ளி தாண்டும்போது ஜன்னல் வழியா உன் வூட்டைப் பாப்பாராம். ஹைவேயில இருந்தே தெரியுதே, மஞ்சப் பெயின்ட்டு.

அன்னமேரி: ...ம்.

முனிலட்சுமி: ஒரு வெள்ளிக்கிழமை பாத்தா, வாசல்ல மாவிலைத் தோரணம்.

அன்னமேரி: அது... சும்மா... திருஷ்டி படக்கூடாதுன்னு...

முனிலட்சுமி: ரெண்டு மூனு வாரம் கழிச்சுப் பாத்தா, மாடியில துணி காயுது. கைக்குழந்தைத் துணி. உனக்கும் சகாயநாதனுக்கும் இந்த வயசுல கைக்குழந்தை ஏதுன்னு அவரு வந்து என்னைக் கேக்கறாரு.

அன்னமேரி: நான் போயி துணியைக் காயப் போடறேன்க்கா...

முனிலட்சுமி: இது நடந்து அஞ்சு மாசம் ஆவுது மேரி.

அன்னமேரி: அஞ்சு மாசமா உங்களுக்குத் தெரியுமா?

முனிலட்சுமி: தெரியும்.

அன்னமேரி: தெரிஞ்சிருந்துமா டைல்ஸ் ஒட்டறவரைப் பத்தி விசாரிச்சீங்க?

முனிலட்சுமி: நீ எவ்ளோ தூரம் போறேன்னு பாத்தேன். பாவம், அந்த மனுஷனுக்கு ஒரே வருஷத்துல ரெண்டு கல்யாணச் செலவு இழுத்து வுட்டுட்ட.

அன்னமேரி: அக்கா, நான் வந்து...

முனிலட்சுமி: இரு. பொய் சொன்னதுகூடப் பரவால்ல. பதினோரு வருஷமா ஒரே படிக்கட்டுல ஏறி இறங்கறோம். உன் பொண்ணு கெசியா வயசுக்கு வந்தப்போ மொதத் தண்ணி ஊத்துனது இந்தக் கை. சொந்த வூட்டுக்குப் பால் காய்ச்சற அன்னைக்கு என்னைக் கூப்பிடணும்னு உனக்குத் தோணல இல்ல?

அன்னமேரி: தோணாமயா... மொதப் பத்திரிகையே உங்களுக்குத்தான் எழுதினேன். திரு. வெங்கடப்பன், திருமதி முனிலட்சுமின்னு பேரு போட்டு பைக்குள்ள வெச்சிருந்தேன். ரெண்டு நாள் பாதிப்படி வரைக்கும் வந்து வந்து திரும்பினேன்.

முனிலட்சுமி: ஏன்?

அன்னமேரி: உங்களைக் கூப்பிட்டா நான் போயே ஆகணுமேக்கா. கூப்பிடாத வரைக்கும், இன்னும் கட்டி முடியலன்னு சொல்லிக்கிட்டு இங்கயே இருந்துக்கலாம். அவ்ளோதான் யோசிச்சேன். உங்க மனசு நோகும்னு யோசிக்கல.

முனிலட்சுமி: ஆசைப்பட்டுக் கட்டுன வூடுதானே அது?

அன்னமேரி: ஆசைப்பட்டுதான். ஃபாதர் வந்து மந்திரிச்சிட்டுப் போனாரு, சொந்தக்காரங்க சாப்பிட்டுக் கிளம்பினாங்க. மறுநாள் எங்க வீட்டுக்காரரும் நானும் மட்டும். அந்த வீட்டுல நானா வைக்கிற மொதக் குழம்புன்னு மொச்சக்கொட்டை கருவாட்டுக் குழம்பு வெச்சேன். நல்லா வந்திருச்சு. கைப்பழக்கம்... ஒரு தூக்குல ஊத்தி எடுத்துக்கிட்டு பக்கத்து வீட்டு பெல்லை அடிச்சேன். கதவு தொறக்கல. சுவத்துல இருந்து குரல் வருது, 'டெலிவரியா? வெளிய வெச்சுட்டுப் போங்க'ன்னு. இல்லைங்க, நான் பக்கத்து வீடு, குழம்பு கொண்டாந்தேன்னு சொன்னேன். 'நாங்க எதுவும் ஆர்டர் பண்ணலையே'ன்னு சொல்லிட்டு குரல் நின்னு போச்சு.

முனிலட்சுமி: குழம்புக்கு ஆர்டரா?

அன்னமேரி: சரின்னு கேட்டோரமா வெச்சுட்டு வந்தேன். சாயங்காலம் பாத்தா தூக்கு வெச்ச இடத்துலயே இருக்கு, எறும்பு வரிசையா ஏறுது. கெட்டவங்க இல்லக்கா. ஷிப்ட்டு முடிச்சு வந்து படுத்திருப்பாங்க. ஆனா எனக்கு அழுகை வந்துருச்சு. இங்க நான் மேல கருவாடு வறுத்தா நீங்க கீழ இருந்து திட்டுவீங்க.

முனிலட்சுமி: திட்டிட்டு, எனக்கு ரெண்டு துண்டு அனுப்புன்னும்தானே சொல்லுவேன்.

அன்னமேரி: அதைத்தான் சொல்றேன். தூக்கைக் கழுவி எடுத்துக்கிட்டு அன்னைக்கே இங்க வந்துட்டோம். அவரு ஒன்னும் சொல்லல. கம்பெனி வேன் இந்தத் தெருமுனையிலயே வந்து ஏத்திக்குது, அவருக்கு அது போதும். எங்க பையன்தான் வீட்டுப் படத்தை ஸ்டேட்டஸ்ல போட்டு, 'சொந்த வீடு'ன்னு எழுதிட்டான். எங்க ஊரு எலத்தகிரி சொந்தமெல்லாம் நாங்க அங்கதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. யாராச்சும் வர்றோம்னு போன் பண்ணினா, வேளாங்கண்ணியில இருக்கோம்னு சொல்லிடறோம். இந்த வருஷம் நாலு தடவை வேளாங்கண்ணி போயாச்சு.

முனிலட்சுமி: மாதா மன்னிப்பா. சரி, மாடியில துணி காயுதே, அது யாரு?

அன்னமேரி: அது மாதா செஞ்ச புதுமைக்கா, அற்புதம்தான். ஒரு ஞாயித்துக்கிழமை செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிருந்தேன். வாடகைக்குன்னு போர்டுகூட மாட்டல, ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கல. ஒரு பொண்ணு கேட்டைத் தட்டிக்கிட்டு நிக்குது, இடுப்புல குழந்தை. சுவாதின்னு பேரு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அந்தப் பக்கம் கம்பெனியில வேலையாம், ஆன்ட்டி, இந்த வீடு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேட்டுச்சு. யோசிக்கவே இல்ல, சாவியைக் குடுத்துட்டேன்.

முனிலட்சுமி: நல்ல பொண்ணா?

அன்னமேரி: தங்கம். குழந்தை அழற சத்தம் கேட்டு அந்தப் பக்கத்து வீட்டம்மாவே இப்ப கதவைத் தொறந்துக்கிட்டு வர்றாங்களாம். என் குழம்புக்குத் தொறக்காத கதவு.

முனிலட்சுமி: குழந்தைக்கு ஆர்டர் பண்ண வேணாம் இல்ல... சரி, இப்ப என் கதையைக் கேளு. வர்ற ஞாயித்துக்கிழமை ஹரீஷ் வர்றான். ஒரு கம்பெனிக்காரரைக் கூட்டிக்கினு. மேல் வூட்டை அவங்க கெஸ்ட் ஹவுஸா எடுத்துக்கறாங்களாம்.

அன்னமேரி: ஞாயித்துக்கிழமையா?

முனிலட்சுமி: ஒரு வருஷமா கேக்கறான். எப்படித் தள்ளிக்கினு வந்தேன் தெரியுமா? நீ சொன்னதை அப்படியே அவன்கிட்ட சொன்னேன். டைல்ஸ் ஒட்டறவரு பீகாருக்குப் போயிட்டாரு, மீட்டர் வரல, சாமியாரு மாறிட்டாரு... ஒன்னு விடல. எனக்குப் பொய் சொல்ல வராது மேரி. நீ சொன்னதைச் சொன்னா அது என் பொய் ஆவாதே. அதுக்குத்தான் மாசாமாசம் உன்னைக் கேக்கறது.

அன்னமேரி: ஒன்னாந்தேதின்னாலே எனக்குப் படி இறங்கவே பயம். நீங்க என்னைத் துரத்தறீங்கன்னு நினைச்சேன்.

முனிலட்சுமி: பயப்படட்டும்னு விட்டேன். பத்திரிகையைப் பைக்குள்ளயே வெச்சதுக்கு.

அன்னமேரி: இனிமே வேணாம்க்கா. காலி பண்ணிடறோம். உங்களுக்கும் உங்க புள்ளைக்கும் நடுவுல நான் எதுக்கு? பக்கத்துத் தெருவுல எங்கயாச்சும் வாடகைக்குப் பாத்துக்கறோம்.

முனிலட்சுமி: சொந்த வூட்டை வெச்சுக்கினு வாடகை வூடு தேடி அலையப் போறியா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?

அன்னமேரி: வேற என்ன பண்றது?

முனிலட்சுமி: அவன் வரட்டும். கை கழுவிட்டு உக்காந்து சாப்புடட்டும். அப்புறம் நிதானமா சொல்லிக்கலாம், வூடு உங்கப்பா பேர்ல இருக்குது, மேல வேற ஆளு வேணாம்னு அவரு சொல்லிட்டாருன்னு.

அன்னமேரி: நிஜமா சொன்னாரா?

முனிலட்சுமி: போன வாரமே சொல்லிட்டாரு. மேல உங்க நடைச் சத்தம் இல்லாம அவருக்கு மத்தியானத் தூக்கம் வராதாம். எங்ககிட்டயும் வேளாங்கண்ணின்னு சொல்லிட்டு நீங்க பால் காய்ச்சப் போன ரெண்டு நாளும் அவரு தூங்கல.

அன்னமேரி: அப்ப ஹரீஷ்கிட்ட இன்னைக்கே போன்ல சொல்லிடலாமே. அந்தக் கம்பெனிக்காரரையும் கூட்டிக்கிட்டு எதுக்கு வீணா அவ்ளோ தூரம்...

முனிலட்சுமி: போன்ல சொல்லிட்டா வருவானா? களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் பண்ணலாம்னு இருக்கறேன். கம்பெனிக்காரருக்கும் சேத்துதான். அவரு மட்டும் என்ன பாவம் பண்ணாரு? நீ காலையிலயே கீழ வந்துடு, வெங்காயம் உரிக்க ஆளு வேணும்.

அன்னமேரி: கோயிலுக்குப் போயிட்டு நேரா வந்துடறேன்... இப்பதான்க்கா மனசு லேசாச்சு. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்களும் அண்ணனும் என் வீட்டுக்கு வரணும். பத்திரிகையை மேல இருந்து எடுத்தாந்து முறையா கையில குடுக்கறேன். ஒவ்வொரு ரூமா காட்டறேன். சுவாதியையும் உங்களுக்கு அறிமுகம் பண்ணி வெக்கறேன்.

முனிலட்சுமி: வூட்டைக் காட்டு. உள்ள நான் பாத்தது இல்ல. அந்தப் பொண்ணை எதுக்கு எனக்கு அறிமுகம் பண்ற?

அன்னமேரி: ஏன், சுவாதியைத் தெரியுமா உங்களுக்கு?

முனிலட்சுமி: ஹரீஷ் ஆன்லைன்ல போட்டுவிட்ட விளம்பரத்தைப் பாத்துட்டு, மேல் வூடு காலியான்னு கேட்டு மொதல்ல இங்கதானே வந்து நின்னுச்சு. ஆட்டோவுல ஏத்தி உன் கேட்டு வரைக்கும் கூட்டிக்கினு போனதே நான்தான் மேரி. நீ வந்து தொறக்கற வரைக்கும் ஆட்டோவுக்குள்ளயே குனிஞ்சு உக்காந்திருந்தேன்... கூப்பிடாத வூட்டுல எப்படி வந்து இறங்கறது?