இடப்பக்கம் தப்பு, வலப்பக்கம் சரி

ரேவதி: …திரும்பத் திரும்பக் கேக்காதண்ணே. பெயில்னா பெயில்தான்.

உதயசூரியன்: ரெண்டு வருஷம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தேனேடி! கம்ப்யூட்டர் முன்னால உக்காந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சா?

ரேவதி: நல்லாத்தான் பேசினேன். நர்ஸ் வேலைக்குக் கேள்வி கேட்டாங்களே, அந்த கனடாக்காரம்மா… அவங்களையே திருத்திட்டேன்.

உதயசூரியன்: என்னது?

ரேவதி: நீ பழக்குனதுதான். பாதிரியார் புத்தகத்துல இடப்பக்கம் இருக்கிற தப்ப எவன் சொன்னாலும், வலப்பக்கத்துல இருக்கிற சரியச் சொல்லித் திருத்தணும்னு. அம்மாவுக்குத் துணி மாத்துறப்பக்கூட விடமாட்டியே… வாய் தானா வந்துடுச்சு. மூணு தடவை.

உதயசூரியன்: ஹா… கேள்வி கேக்க வந்தவளுக்கே பாடமா!

ரேவதி: சிரி. நல்லா சிரி.

உதயசூரியன்: சரி விடு. மொஹிங்கா நூடுல்ஸ் ஆறுது பாரு. புத்தகத்தக் குத்தம் சொல்லாத. பன்சொடான் தெரு நடைபாதைப் பழைய புத்தகக் கடையில நாள் கணக்கா தேடி எடுத்தது. நூத்தெண்பது வருஷத்துக்கு முந்தின பாதிரியார், சுத்தமான பிரெஞ்சு.

ரேவதி: யாரத் திருத்த எழுதினாரு?

உதயசூரியன்: அவரு ஊர்க்காரங்கள.

ரேவதி: எந்த ஊரு?

உதயசூரியன்: சாப்பிடு மொதல்ல.

ரேவதி: முன்னுரையப் பசை போட்டு ஒட்டி வச்சிருந்தியே… கெட்டில் ஆவியில காட்டிப் பிரிச்சேன். கனடாவுல கியூபெக் சனங்க பேசுற பிரெஞ்செல்லாம் தப்புன்னு திட்டியிருக்காரு. நான் வேலைக்குப் போற அதே ஊரு.

உதயசூரியன்: அது… எனக்கென்ன தெரியும்?

ரேவதி: பிரெஞ்சுக்காரங்களுக்கு ஏழு வருஷம் ஷ்வேடகோன் பகோடாவச் சுத்திக் காட்டின கைடு நீ. உனக்குத் தெரியாதா?

உதயசூரியன்: தெரியும்! தெரிஞ்சுதான் கொடுத்தேன், போதுமா? பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறான், என் வயசு ஆம்பளைய ஏர்போர்ட்டுல விடமாட்டான். நீயும் போயிட்டா, எந்திரிக்க முடியாத அம்மாவோட இந்த அலோன் பேட்டை ரூம்ல நான் ஒருத்தனே மாரடிக்கணுமா?

ரேவதி: போகாதன்னு ஒரு வார்த்த…

உதயசூரியன்: கேட்டா இருந்திருப்பியாக்கும்!

ரேவதி: இருந்திருப்பேண்ணே.

உதயசூரியன்: …சரி, அதான் பெயிலாயிட்டியே. பழையபடி இருப்போம். அழாத.

ரேவதி: நான் பெயிலாகல. அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, 'எங்க பழைய பாதிரியார் மாதிரியே பேசுற'ன்னு சொல்லி பாஸ் போட்டுட்டாங்க. அம்மாவையும் உன்னையும் விட்டுட்டுப் போறதா வேணாமான்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல… இனி யோசன இல்ல, போறேன். இன்னிக்குத் தூங்கிடுவேன்.