ஒரு நாள் வைத்த தண்ணீர்

மீன் முதன்முதலாக ஒருபக்கம் சாய்ந்து நீந்தியது ஞாயிற்றுக்கிழமையா, அதற்கு முந்தின நாளா என்று இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. துணி உலர்த்தப் போனபோது பார்த்தேன் என்றுதான் முதலில் உங்களிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அன்று மழை. மழை நாளில் யாரும் துணி உலர்த்த மாட்டார்கள். ஆகவே அது வேறு நாளாக இருக்க வேண்டும். அல்லது வேறு எதற்காகவோ பின்பக்கம் போயிருப்பேன். மற்ற விஷயங்களில் என் ஞாபகத்தை நம்பலாம். என் வேலை அப்படிப்பட்டது.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. குறைந்தால் கிருமி. கூடினால் வாடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊரையே நிறுத்திவைக்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை. அங்கே என்னைப் பற்றி விசாரித்தீர்கள் என்றால் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் நானும் தம்பியும் மட்டும்தான். அவன் என்னைவிட ஒன்பது வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். அதற்கு முன்பே, பன்னிரண்டு வயதில், அவனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. உயிர் பிழைத்தான். "உப்புங்கறது இவனுக்கு விஷம்னு நினைச்சுக்கோம்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். ஆனாலும் என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் இரண்டு பாத்திரம். நீலப் பிடி வைத்தது அவனுக்கு. நான் வெளியூர்ப் பயிற்சிக்குப் போகவில்லை, பதவி உயர்வு வந்தபோது வேறு நிலையத்துக்கு மாறவில்லை, எனக்கென்று வந்த ஒன்றிரண்டு பேச்சுகளையும் தட்டிக்கழித்தேன். குறையாகச் சொல்லவில்லை. யாராவது நீலப் பிடிப் பாத்திரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

வீட்டின் பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி உண்டு. எந்தக் காலத்திலோ துணி துவைக்கக் கட்டியது. அதை ஆழப்படுத்திக் குளமாக்கி, செடி வைத்து, மீன் விட்டவன் தம்பி. ஆறு மீன்களில் கடைசியாக மிஞ்சியது ஒன்றுதான். வெள்ளையில் ஆரஞ்சுத் திட்டு, என் முழங்கை நீளம், பதினொரு வயது. அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தான். "பெரியவர் இன்னைக்கு முகம் குடுத்துப் பேசலையே, என்னக்கா சொன்னே அவரை?" என்பான். நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். கையில் எப்போதும் கறுப்பு மை. அந்தக் கையோடுதான் இரை போடுவான், நான் திட்டுவேன்.

குளத்துக்குத் தண்ணீர் விடுவதில் ஒரு முறை இருக்கிறது. குழாய்த் தண்ணீரை நேராக விடக் கூடாது. பெரிய வாளிகளில் பிடித்து, ஒரு நாள் வெயிலில் திறந்துவைத்தால் குளோரின் போய்விடும். பிறகு ஊற்றலாம். அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். வாராவாரம் செய்துவந்தவளும் நான்.

போன வருடம் தம்பிக்குக் கண்ணாடிக் கடைப் பெண் பழக்கமானாள். பார்வை மங்குகிறது என்று போனவன், மூன்று முறை கண்ணாடி மாற்றினான். பிறகுதான் எனக்குப் புரிந்தது. நல்ல பெண். கலகலப்பாகப் பேசுவாள். அவளுக்கு ரயிலில் பத்து மணி நேரம் தள்ளியிருக்கும் நகரத்துக் கிளைக்கு மாற்றல் வந்தது. அவனுக்கும் அங்கேயே ஒரு வேலை தேடிவிட்டாள். இருவரும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு கிளம்புவதாக ஏற்பாடு.

"நீங்களும் வந்துடுங்கக்கா" என்றாள்.

"எனக்கு வேலை இருக்கேம்மா."

"அப்ப இவருக்கு என்னென்ன சமைக்கணும்னு எழுதிக் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். ஒரே பக்கத்தில் முடிந்துவிட்டது. அது எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் பெரியவர் சாய்ந்தார். செதிலில் ஒரு புண், அது சீழ் பிடித்திருந்தது. தம்பி பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டான். அகலமான வேறொரு தொட்டியில் ஒரு நாள் வைத்த தண்ணீரை ஊற்றி, அளந்து உப்புக் கரைத்து, மீனை அதில் விட்டோம். உப்பு புண்ணை ஆற்றும். காற்றுக் குழாயைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு இரண்டு பேரும் எதிரும் புதிருமாக முக்காலி போட்டு உட்கார்ந்தோம். அவன் மீனைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, நான் பஞ்சால் புண்ணைத் துடைத்தேன். குமிழி வரும் சத்தம் மட்டும். பல மாதங்களுக்குப் பிறகு அவன் போனைப் பார்க்காமல் ஒரு மாலை முழுக்க என் எதிரில் இருந்தான். எழுந்திருக்கும்போது, "நீ இல்லன்னா இவரு அவ்வளவுதான்க்கா" என்றான்.

ஐந்தாம் நாள் மீன் நேராக நீந்தியது. குளத்திலேயே திரும்ப விட்டோம். கண்ணாடிக் கடைப் பெண் வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள்.

"பெரியவர் பாஸாயிட்டாரு. இனிமே நீங்க மூட்டையைக் கட்டலாம்."

"அவரையும் மூட்டையில கட்டிடலாமா?" என்றான் தம்பி.

"முதல்ல உங்களைக் கட்டறேன், அப்புறம் அவரைப் பாக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று வாளிகளை நிரப்பியவுடனே குளத்தில் ஊற்றினேன். நான் எதையும் கலக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அது. நான் ஒரு நாள் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் பெரியவர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். தம்பி ரயிலில் இன்னொரு தேதிக்கு இடம் மாற்றினான். மறுபடி முக்காலி, மறுபடி பஞ்சு.

இப்படி நான்கு முறை. மூன்றாக இருக்கலாம். எவ்வளவு ஊற்றினால் சோர்ந்துபோகும், எவ்வளவு ஊற்றினால் தாங்காது என்று எனக்குத் தெரியும். தேறிவருகிற நாட்களில் நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள். இரை எடுத்துக்கொண்டபோது எனக்கு அழுகை வந்தது.

கடைசி முறை அது தேறவில்லை. வயதாகிவிட்டது. தம்பி செடியோரம் குழி வெட்டிப் புதைத்தான். கை கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னான்.

"இன்னும் எத்தனை நாள்தான் அவளைக் காக்கவெப்பேன்? திங்கக்கிழமை கிளம்பறேன்க்கா."

"சரிப்பா" என்றேன்.

"கோபமா?"

"எனக்கென்னப்பா கோபம்? சூப் ஆறுது, வா."

அந்த சூப்பில்தான் முதலில் போட்டேன். விரல் நுனியளவு. நீலப் பிடிப் பாத்திரத்தில் இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

"என்னக்கா, இன்னைக்கு ஒரு தினுசா ருசியா இருக்கு?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்."

"இத்தனை வருஷமா இது உனக்குத் தோணலையா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான். அவன் ஆசையாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தத் திருப்தியையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பாதம் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. திங்கட்கிழமை ரயில் அவன் இல்லாமல் போயிற்று. பெண்ணுக்கு வேலையில் சேர வேண்டிய நாள், அவள் மட்டும் போனாள். நான் லீவு போட்டேன். காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து, குடிக்கிற தண்ணீரை அளந்து கொடுத்து, மாத்திரையை மணி தவறாமல் எடுத்து வைத்தேன். வீக்கம் வடியும். வடிந்ததும் அவன் தேதி பார்ப்பான். நான் எலுமிச்சம்பழம் பிழிவேன். டாக்டர் அவனிடமே கேட்டார், சாப்பாட்டில் உப்பு சேருகிறதா என்று. "எங்கக்கா சமையலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது டாக்டர். கண்ணீர்ல கூட உப்பு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் அழ விடுவா" என்றான். டாக்டர் சிரித்துவிட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

என் தவறு எதுவென்று கேட்டால் இதுதான். நான் அவன் உடம்பைக் குழாய்த் தண்ணீர் போல நினைத்துவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் இன்று அளவு கூடினால் நாளை குறைத்துவிடலாம், தண்ணீர் நேற்றை நினைவில் வைத்துக்கொள்ளாது. உடம்பு அப்படியில்லை. ஒவ்வொரு முறை வடியும்போதும் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டாம் மாதம் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

பெண் ரயிலேறி வந்தாள். நான் குடுவையில் கொண்டுபோயிருந்த சூப்பை அவளே கிண்ணத்தில் ஊற்றினாள். சூடு பார்க்க ஒரு கரண்டி வாயில் வைத்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்தாள்.

"அக்கா, இதுல உப்பு இருக்கு."

"பழம் பிழிஞ்சிருக்கேம்மா."

"பழத்துக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? என்னக்கா பண்றீங்க நீங்க?"

அவள் உள்ளே போய் அவனிடம் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. பின்னாலேயே போன என் பக்கம் அவன் திரும்பினான். மூச்சு வாங்கியது.

"அவ சொல்றது நிஜமாக்கா?"

என் வாழ்க்கையில் அதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்றால் அதற்குத் தகுந்த சிகிச்சை கொடுத்திருப்பார்கள், அவன் பிழைத்திருப்பான், பத்து மணி நேரத்துக்கு அப்பால்.

"அவளுக்கு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும்ப்பா. அதான் இப்படியெல்லாம் பேசறா" என்றேன்.

அவன் அவளைப் பார்த்து, "எங்கக்காவைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசாதே. நீ கிளம்பு" என்றான். அவள் குடுவையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். நான் தடுத்திருக்கலாம். ஏனோ, ரொம்பக் களைப்பாக இருந்தது. கிண்ணத்தில் இருந்ததை அவன் கேட்டு வாங்கிக் குடித்தான். கரண்டி பிடிக்க முடியவில்லை. நான்தான் ஊட்டினேன்.

அவன் வியாழக்கிழமை காலை இறந்தான். கண்ணாடிக் கடைப் பெண் அந்தக் குடுவையை உங்களிடம் கொடுத்துவிட்டு அந்த நகரத்துக்கே திரும்பிப் போய்விட்டாள், வேலையில்தான் இருக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள். வீட்டைப் பூட்டியிருக்கிறார்கள். குளம் வற்றியிருக்கும். நான் இங்கே இருக்கிறேன். மீனையும் தம்பியையும் நான்தான் கொன்றேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இன்னும் ஒரு வரி இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே போக வேண்டும் என்று நினைத்திருந்தால் அவன் எப்போதோ போயிருப்பான்.