முதல் வேட்டு

காபி நன்றாகத்தான் இருக்கிறது ஷெரிப். உங்கள் அலுவலகத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று தீவனக் கடையில் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் வந்திருப்பதும் அந்த ஊர் வாய் விஷயமாகத்தான்.

வெண்டல் ப்ரூவிட் செத்த கதையை நீங்கள் விசாரித்து முடித்துவிட்டீர்கள். அதில் ஒரு இடம் சரியில்லை. அதைத் திருத்தச் சொல்லி வந்தேன்.

துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறேன். நான் வெண்டலுக்கென்று செய்தது அரைக்கட்டைத் துப்பாக்கி. மரம் குழலின் பாதி வரைதான் வரும். மீதிக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டை, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் இடித்து இறக்கும் இடிகோலைச் செருக. மேப்பிள் மரம் லேசில் வழிக்கு வராது. குழலில் விளக்குக் கரியைப் பூசி மரத்தில் அமுக்கி எடுக்க வேண்டும். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூசு, அமுக்கு, சுரண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அதைச் செய்தேன். கடைசியில் இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே தலைமுடி நுழையாது. சாயம் தடவி நெருப்பில் காட்டியதும் புலிவரி எழும்பி வந்தது. நான் செய்ததிலேயே அழகானது அதுதான்.

அதை ஏன் வெண்டலுக்குச் செய்தேன் என்று கேட்பீர்கள். டப் ஸ்டாலிங்ஸ் என்னிடம் ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். ஒருநாள் கோழித் தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னான்.

"வெண்டல் பாத்துச் சரி பண்ணிக் குடுத்தாருங்க. பின்னாடி அடைப்பு ஆடுச்சாம். சுட்டிருந்தா என் மூஞ்சி போயிருக்கும்னாரு. ஐயோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு, நான் ஒரு ஓட்டை வாயி."

அடைப்பு என்றால் குழலின் பின்வாயை மூடும் திருகு. மருந்து வெடிக்கும்போது சுடுகிறவன் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான். நேரே வெண்டலின் துப்பாக்கிப் பட்டறைக்குப் போனேன். அவன் மறைக்கவில்லை. என் தோளில் கையைப் போட்டான்.

"கண்ணு மங்குதுடா ஆர்லிஸ். எனக்கும்தான் மங்குது. ஆனைக்கும் அடி சறுக்கும். இனிமே அடைப்பை மட்டும் நான் பாத்துக்கறேன், மரத்தை நீ பாரு. உன்ன மாதிரி மரம் இழைக்க இந்த மலையில எவன் இருக்கான்?"

நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் பை சாப்பிட வரச் சொன்னேன். அவன்மேல் எனக்குக் கோபம் என்று நீங்கள் நினைத்தால் அது சரியில்லை. ஒருவன் எது தப்பான வேலை, எது சரியான வேலை என்று தெரியாமல் பேசினால் அவனுக்குக் காட்ட வேண்டியது நம் கடமை. அவ்வளவுதான்.

ஓடைக்கரையில் இலையுதிர்காலச் சுடும் போட்டி நடந்த அன்று அந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோனேன். ஊரே பீன்ஸும் சோளரொட்டியுமாக உட்கார்ந்திருந்தது. நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளை, ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. புதுத் துப்பாக்கியின் முதல் வேட்டு அதைச் செய்தவனுடையது. தன் கன்னத்தை வைத்துச் சுட்டுக் காட்டிய பிறகுதான் அடுத்தவன் கையில் கொடுப்பான். என் அப்பா காலத்திலும் அதுதான் வழக்கம்.

வெண்டல் வாங்கிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. மருந்தும் குண்டும் இடித்து என்னிடமே நீட்டினான். "முதல் வேட்டு உன்னுதுடா."

"இந்தத் தடவை உனக்கு," என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவன் தட்டவில்லை, சிரிக்கவுமில்லை. கட்டைவிரலை அடைப்பின்மேல் வைத்தான். தடவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். நான் நியாயமானவன் ஷெரிப், அவனுக்கு வழி விட்டேன்.

"அடைப்பு பாக்கறது உன் வேலைதானே. சந்தேகம்னா கழட்டிப் பாரு."

பின்னால் யாரோ கெக்கலித்தார்கள். டப்தான் என்று நினைக்கிறேன். வெண்டல் கூட்டத்தைப் பார்த்தான், பிறகு என்னை. விரலை எடுத்துவிட்டான்.

"ஊரு முன்னாடி உன் வேலையக் கழட்டிப் பாப்பனாடா நான்?" என்று மெதுவாகச் சொன்னான். கன்னத்தைக் கட்டையில் வைத்தான்.

மீதி உங்களுக்குத் தெரியும். மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

அடக்கம் முடிந்து வெண்டலின் மனைவி நெட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். புருஷனைப் புதைத்த கையோடு எனக்கு ஆறுதல் சொன்னாள். "உங்க மேல வருத்தமில்லண்ணே. ஆனைக்கும் அடி சறுக்கும்." தேவாலயத்துப் பெண்கள் எனக்குச் சோறு கொண்டுவருகிறார்கள். தீவனக் கடையில் நான் நுழைந்தால் பேச்சை மாற்றுகிறார்கள். பாவம், வயசாகிவிட்டது என்கிறார்கள். துப்பாக்கி செய்யக் கொடுத்திருந்தவர்கள் நாசூக்காக வந்து குழல்களைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். நீங்களும் கைப்பிழை என்று முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அடைப்பின் திருகு மரையை நான்தான் அரத்தால் அராவித் தேய்த்தேன். கையால் திருகினால் இறுகினாற்போல இருக்க வேண்டும், வெடித்தால் நிற்கக் கூடாது. அந்த அளவுக்கு, அதற்கு ஒரு இழைகூட மேலே போகாமல். கை சறுக்குகிறவனால் அது முடியாது. டப்பின் துப்பாக்கியையும் கழற்றிப் பார்த்தேன். வெண்டல் புது மரை வெட்டியிருந்தான். பழையது ஆடியது என்பதற்கு அவன் வாய்வார்த்தை தவிர என்ன சாட்சி?

கையெழுத்து எங்கே போட வேண்டும்? விரலை வைத்துக் காட்டுங்கள், இங்கே வெளிச்சம் போதவில்லை.

நெட்டியிடமும் இன்றைக்கே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். பாவம், அவள் இத்தனை நாளும் எனக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.