பதினான்காம் அறையின் வெப்பநிலை

ஏசியைப் பற்றிக் குறை சொல்லாத மனிதரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஒருவருக்குக் குளிர்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கிறது. இருபத்தொரு வருடமாகக் கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் கட்டுப்பாடு அமைத்துவருகிறேன். பழகிப்போய்விட்டது.

போர்ட் அகஸ்டாவில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் புதிய கருவியை அக்டோபரில் நான்தான் பொருத்தினேன். முப்பது அறைகள். எங்கே இருந்தாலும் போனில் இணையப் பக்கத்தைத் திறந்து எந்த அறைக்கும் குளிரை விடலாம், நிறுத்தலாம்; இல்லத்து ஊழியர்களுக்கு அந்த அனுமதி இல்லை. யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்பதைக் கருவி பெயரோடு பதிந்துகொள்ளும்.

முதல் வாரமே தொந்தரவு ஆரம்பித்தது. நர்ஸ் லியேன் தினமும் அழைப்பாள்.

"ட்ரெவர், ஆறாம் ரூம்ல பெரியவர் நடுங்குறாரு. ஒன்பதுல அந்தம்மா வேகுதுன்னு உடுப்பக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க. உன் மெஷினோட நீயே வந்து குடித்தனம் பண்ணு."

நான் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு அறைச் சுவரிலும் வெப்பநிலை காட்டும் திரை உண்டு. உண்மையான அளவு எனக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு, சுவரில் எப்போதும் இருபத்துமூன்று என்றே தெரியச் செய்தேன். அறை அதிகம் சூடானால் அடிக்கும் எச்சரிக்கை மணியும் அந்த எண்ணைத்தான் பார்க்கும், ஆகவே அதுவும் அடிக்காது. புகார்கள் நின்றன. இல்லத்து மேலாளர் எனக்கு ஒரு கேக் அனுப்பினார்.

எங்கள் ஊரில் உச்சக் கோடையான ஜனவரியில் பதினான்காம் அறை காலியாக இருந்தது; அதற்குக் குளிர் போகாமல் நிறுத்திவைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அங்கே நோரீன் என்ற எண்பத்தாறு வயது அம்மாளைக் குடிவைத்தார்கள். குளிரைத் திறந்துவிடச் சொல்லி லியேன் செய்தி அனுப்பியிருந்தாள். மறந்துவிட்டேன். மறதி யாருக்கும் வரும்.

மறுநாள் வெளியே நாற்பத்தாறு டிகிரி. மேற்குப் பார்த்த அறை, திறக்க முடியாத ஜன்னல், தானாக எழுந்து நடக்க முடியாத அம்மாள். உடன் வேலை செய்பவர்கள் வராததால், முப்பது பேருக்கும் அன்று லியேன் ஒருத்திதான். மதியம் ஒன்றரைக்கு அழைத்தாள்.

"ட்ரெவர், நோரீன் புழுங்குதுன்னு அழுவுறாங்க. எனக்கும் அனலா அடிக்குது. ஆனா சுவத்துல இருபத்துமூணுதான் காட்டுது."

போனில் பார்த்தேன். முப்பத்தேழு.

"நீ ஓடியாடிட்டு வர்றியே, அதான் உனக்குச் சூடா தெரியுது," என்றேன். "கதவச் சாத்தி வை. இருக்கிற குளிரும் வெளிய போயிடும்."

"நெஜமாவா?"

"மெஷின் பொய் சொல்லுமா, லியேன்?"

ஒரு முறை விரலால் தொட்டிருந்தால் குளிர் போயிருக்கும். ஆனால் அது என் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகியிருக்கும். ஏன் என்று கேட்டிருப்பார்கள். சுவர் எண்களின் விஷயமும் வெளியே வந்திருக்கும். இன்னும் பதினோரு கட்டடங்கள் என்னை நம்பி இருக்கின்றன. சாயங்காலமானால் அறை தானாகத் தணியும் என்று காத்திருந்தேன். ஆட்டிறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டேன். முப்பத்தொன்பது. நாற்பது. லியேன் இன்னும் இரண்டு தடவை அழைத்தாள், எடுக்கவில்லை. நாற்பத்தொன்று. ஐந்தரை மணிவரை அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் இறந்துவிடுவார் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். மூன்று மணிக்கே தெரியும்.

லியேனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், கதவைச் சாத்தியது அவள்தானே.