கோணிக்குள் கழனிக்காவல்

மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் சட்டென்று திரும்பி, என் பக்கத்தில், காலடியில் ஈரக் கோணி வைத்திருந்த ஆளைக் கேட்டாள்:

“எங்க கயனியைக் காத்துக்கினு இருந்தவங்களை எங்க நைனா இட்டுக்கினு போற?”

கோணி அசைந்தது. உள்ளே தவளைகள். வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனிக்காகக் கழனிகளில் பிடித்தவை.

“இன்னாமா இது? தவளைக்குப் பட்டா வச்சிக்கினு கீறியா? வெள்ளைக்காரன் அது காலைத் துன்றான், நான் புடிச்சிக் குடுக்கறேன்.”

“அவன் துன்னட்டும். என் நெல்லைப் பூச்சி துன்னுதே, அந்தப் பூச்சியை யாரு துன்றது? நீங்க கோணி தூக்கினு வந்த பின்னாடிதான் கதிரெல்லாம் பதராப் பூடுச்சி. இப்ப மருந்து வாங்கத்தான் போறேன்.”

“மருந்து அடிச்சா பூச்சி செத்துடும். அப்புறம் இன்னா பேஜாரு?”

“போன தபா அடிச்சதுல வாய்க்கா மீனெல்லாம் செத்து மெதந்துச்சி. அந்தத் தண்ணியைத்தான் என் மாடு குடிக்குது. தவளை பூச்சியைத் துன்னப்போ எந்த மீனு செத்துச்சி, சொல்லு!”

“வயித்துப் பொயப்பு, வுடும்மா.”

“எனுக்கு வயிறு இல்லியா?”

ஏரிக்கரையில் பஸ் நின்றது. அவன் சுதாரிப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்து கோணியைப் படிக்கட்டு வரை இழுத்தாள். கயிற்றைப் பிரித்து வெளியே கவிழ்த்தாள். தவளைகள் தண்ணீரை நோக்கித் துள்ளின. அவன் கத்திக்கொண்டே இறங்கி அவற்றின் பின்னால் ஓடினான்.

கண்டக்டர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு விசில் கொடுத்தார்.